எம்.சி.ஆர். செருப்பு: வலியே தெரியாதவர்களுக்காகச் செய்தது, வலியால் துடிப்பவர்களுக்கு வந்த கதை

குதிகால் வலி என்று வாயைத் திறந்தால் நம்ம ஊரில் மூணு பதில் தயாராக இருக்கும். "செங்கல்லைச் சுட வச்சு, எருக்கு இலையைப் போட்டு மிதிங்க." "எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க, எலும்பு வளந்திருக்கும்." "எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடுங்க, சரியாயிடும்."

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது உயிர் போகிற மாதிரி குத்தி, பத்து இருபது அடி நடந்ததும் கொஞ்சம் தணியுமே, அந்த வலியைத்தான் சொல்கிறேன். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முழுக்க சிமெண்ட் தரையில் நிற்பவர்கள், அடுப்படியை விட்டு நகராத அம்மாக்கள், என்னைப் போல நாற்காலியில் உட்கார்ந்தே எடை போட்ட ஐ.டி.காரர்கள் என்று யாரையும் அது விடுவதில்லை. இங்கிலீஷில் இதற்கு 'போலீஸ்காரன் குதிகால்' என்றே ஒரு பழைய பெயர் உண்டு. பாரதி பூங்கா பக்கம் சிவப்புத் தொப்பியோடு வெயிலில் நிற்கும் நம்ம ஊர் போலீஸ்காரர்களைப் பார்த்தால் பெயர் பொருத்தம் புரியும்.

மூணு பதிலில் என்னை ரொம்ப நாளாக உறுத்தியது மூணாவதுதான். அது என்ன எம்.சி.ஆர்.? நிறையப் பேர் அது ஒரு கம்பெனி பெயர் என்று நினைக்கிறார்கள். வேட்டி விளம்பரத்தில் வரும் எம்.சி.ஆருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மைக்ரோ செல்லுலார் ரப்பர், அதன் சுருக்கம், அவ்வளவுதான். இந்த ரப்பர் எப்படி மருத்துவச் சீட்டுக்குள் வந்தது என்று தேடப் போனால், கதை திண்டிவனம், ஆரணி தாண்டி வேலூருக்குப் பக்கத்தில் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் போய் நிற்கிறது. அங்கே போவதற்கு முன்னால் முள்ளைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம்.

எல்லா மொழியிலும் முள்

சுசுருத சம்ஹிதையின் நிதான ஸ்தானத்தில் வாத நோய்களைச் சொல்லும் இடத்தில் 'வாதகண்டகம்' என்று ஒன்று வருகிறது. கண்டகம் என்றால் முள். காலை ஏறுமாறாக ஊன்றுவதால் வாதம் போய்த் தங்கி வலிக்கிறது என்பது அதன் சாரம். தங்கும் இடம் கணுக்காலா குதிகாலா என்பதில் உரைகாரர்களுக்குள் ஒற்றுமை இல்லை. எனக்குப் பிடித்தது அவர்கள் சொன்ன காரணம்: கிரகம் இல்லை, கிருமி இல்லை, கால் ஊன்றும் விதம். நம்ம சித்த மருத்துவர்கள் 'குதிகால் வாதம்' என்பார்கள்.

பிரெஞ்சுக்காரர்களிடம் போனால் அங்கேயும் முள்தான். பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் நம்ம ஊர் சொல்தா குடும்பங்களில் யாருக்காவது அந்த ஊர் டாக்டர் சீட்டு எழுதியிருந்தால் அதில் 'எபீன் கல்கானேயன்' என்று இருக்கும். எபீன் என்றாலும் முள், குதியெலும்பு முள். வலிக்கிறவரைக் கேட்டால் அவரும் "முள்ளு குத்துற மாதிரி இருக்கு" என்றுதான் சொல்வார்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், 1895-இல் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். சில வருஷத்திலேயே, 1900-இல், பிளெட்னர் என்ற ஜெர்மானியர் குதியெலும்பின் அடியில் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு எலும்பைப் படத்தில் பார்த்து எழுதினார். இத்தனை நாள் உவமையாக இருந்த முள் நிஜமாகவே படத்தில் தெரிந்துவிட்டது! அப்புறம் சும்மா இருப்பார்களா? முள் இருக்கிறது, அது குத்துகிறது, எடுத்துப்போடு. 1906-இல் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் பேர் என்ற எலும்பு மருத்துவர், இந்த முள்ளுக்குக் காரணம் வெட்டை நோய்க் கிருமி என்று எழுதினார். யோசித்துப் பாருங்கள், குதிகால் வலிக்கிறது என்று போன குடும்பஸ்தன் வீட்டில் என்ன சொல்லியிருப்பான்? (அதே பேர் பிற்காலத்தில் ஆறாத எலும்புப் புண்ணுக்குப் புழு விட்டு வைத்தியம் பார்த்துப் பெயர் வாங்கினார். அது வேறொரு பதிவுக்கான விஷயம்.)

வலியே இல்லாதவர்களின் குதிகாலை எக்ஸ்ரே எடுத்தாலும் பத்தில் ஒருவருக்காவது இந்த முள் இருக்கிறது. கடுமையாக வலிக்கும் பலருக்கு முள்ளே கிடையாது. எங்கள் தொழிலில் சொல்வதென்றால், லாக் ஃபைலில் சிவப்பாகத் தெரியும் முதல் வரியைப் பிடித்துக்கொண்டு அதுதான் பக் என்று சாதிப்பது மாதிரி. "எலும்பு வளந்திருக்கு" என்ற ஒரு வாக்கியத்தால் பயந்து போய் நடப்பதையே குறைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

நிஜமான இடம் எலும்பு இல்லை, அதில் ஒட்டியிருக்கும் பட்டை. குதியெலும்பில் தொடங்கி விரல்களின் அடி வரை பாதத்தின் கீழே ஓடும் தடித்த நார்ப்பட்டைக்கு பிளான்டார் ஃபேஷியா என்று பெயர். 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேயர் அது வேலை செய்யும் விதத்தை விளக்கினார். கிணற்றில் உருளையில் கயிறு சுற்றச் சுற்ற வாளி மேலே ஏறும் இல்லையா? அதே மாதிரி, நடக்கும்போது கட்டை விரல் மேல்நோக்கி மடங்கினால் பட்டை விரல் மூட்டைச் சுற்றி இழுபட்டு, பாதத்தின் வளைவு தூக்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்த இழுவை நடக்கிறது. இழுவை தாங்காமல் குதியெலும்போடு சேரும் இடத்தில் பட்டை நைந்துபோகிறது. ராத்திரி முழுக்க பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் பட்டை சுருங்கி விறைத்துக் கிடக்கும், காலையில் முதல் அடியில் வெடுக்கென்று இழுபடும். 2003-இல் லெமாண்ட் என்பவரும் கூட்டாளிகளும் அறுவையில் எடுத்த 50 பேரின் திசுக்களைப் பார்த்ததில் அழற்சியை விடச் சிதைவுதான் தெரிந்தது. அப்படியானால் பெயரின் கடைசியில் இருக்கும் 'ஐடிஸ்' கூடச் சந்தேகத்துக்குரியதுதான். பட்டை வீங்கிப் போகவில்லை, தேய்ந்து போகிறது.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

ஜிப்மரின் மூதாதையான பிரெஞ்சு மருத்துவப் பள்ளி 1823-லேயே புதுச்சேரியில் தொடங்கிவிட்டது. ஆனால் நம் ரப்பருக்கு அங்கே வேர் இல்லை. அதன் வேர் கொல்லிமலையில் பிறந்த ஒரு வெள்ளைக்காரரிடம் இருக்கிறது.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தார். அப்பா ஜெஸ்ஸியும் அம்மா ஈவ்லினும் அங்கே மிஷனரிகள். ஒன்பது வயது வரை மலையில் வெறுங்காலோடு ஓடிய பையன், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். லண்டனில் அறுவை மருத்துவராகி, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவரை வரவழைத்த ராபர்ட் காக்ரேன் தொழுநோய் நிபுணர். காக்ரேனோடு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, கை விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து "முடிந்த மட்டும் அழுத்துங்கள்" என்றார் பிராண்ட். பிடி இரும்பு மாதிரி இருந்தது. விரலை மடக்கும் தசைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, மற்றவைதான் செயலிழந்திருக்கின்றன என்று அங்கே அவருக்குப் பொறி தட்டியது. நல்ல தசைநாரை இடம் மாற்றிக் கட்டி, மடங்கிய கையை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையில் அவர் உலகப் புகழ் பெற்றது அதிலிருந்துதான்.

கையைச் சரி செய்துவிட்டார்கள், கால் பிரச்சினை அப்படியே இருந்தது. பாதத்தில் புண், புண்ணால் விரல் போவது, கால் போவது. தொழுநோய் என்றாலே சதை அழுகும் என்பதுதான் ஊர் உலகத்தின் எண்ணம். பிராண்ட் அதை ஏற்கவில்லை. தொழுநோய் நரம்பைக் கெடுக்கிறது, அதனால் வலி தெரிவதில்லை, வலி தெரியாததால்தான் புண் என்றார். நாம் ரொம்ப தூரம் நடந்தால் நமக்கே தெரியாமல் காலை மாற்றி மாற்றி ஊன்றுவோம், கொஞ்சம் நொண்டுவோம், உட்கார்ந்துவிடுவோம். உணர்ச்சி இல்லாத கால் அதே இடத்தில் அதே அழுத்தத்தோடு ஊன்றிக்கொண்டே இருக்கும். ஒரு அடி ஒன்றும் செய்யாது, பத்தாயிரமாவது அடி புண்ணாக்கிவிடும்.

1950-களில் அவருக்கே ஒன்று நடந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் இங்கிலாந்து வந்து, ரயிலேறி லண்டன் போய்ச் சேர்ந்த ராத்திரி. உடம்பு வேறு சரியில்லை. காலுறையைக் கழற்றும்போது ஒரு குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. வருஷக்கணக்காகத் தொழுநோயாளிகளோடு இருப்பவர், என்ன நினைத்திருப்பார்? மனைவி மக்களை விட்டுத் தனியாகப் போய்விட வேண்டியதுதான் என்று ராத்திரி முழுக்கக் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். வீல் என்று கத்தினார், சந்தோஷத்தில். ரயிலில் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். காலையில் குதிகால் வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன ஒரே டாக்டர் அவராகத்தான் இருப்பார்.

ரப்பர்

காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-இல் ஸ்கீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியது. அழுத்தத்தைக் குறைத்தால் புண் வராது என்பது பிராண்டின் கணக்கு. அப்படியானால் செருப்புதான் மருந்து. மரக்கட்டைச் செருப்பில் தொடங்கி பிளாஸ்டிக் வரை என்னென்னவோ செய்து பார்த்து, கடைசியில் மைக்ரோ செல்லுலார் ரப்பரில் வந்து நின்றார்கள்.

இது எளிமையான சமாசாரம். ரப்பர் கலவையில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வாயுவை வெளியிடும். ரப்பர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் உண்டாகும், ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடியிருக்கும். பஞ்சு மாதிரி திறந்த குமிழ் என்றால் ஏறி நின்றதும் காற்றெல்லாம் போய்த் தட்டையாகிவிடும், தண்ணீரையும் குடிக்கும். மூடிய குமிழ் அமுங்கும், காலை எடுத்ததும் திரும்ப எழும். நம்ம ஹவாய் செருப்பும் இதே வகை ரப்பர்தான், வித்தியாசம் கடினத்தில். ரப்பரின் கடினத்தை ஷோர் என்ற அளவில் சொல்வார்கள். தொழுநோய்ச் செருப்புக்கு வைத்த அளவு சுமார் 15 ஷோர். ஹவாய் செருப்பு அதை விட நன்றாகக் கெட்டி.

அந்தச் செருப்பின் மற்ற விவரங்களிலும் ஒரு தெளிவான யோசனை இருந்தது. மெத்து ரப்பருக்குக் கீழே முள் ஏறாமல் இருக்க கார் டயர் மாதிரி ஒரு கெட்டி அடிப்பாகம். ஆணி அறவே கூடாது, ஏனென்றால் ஆணி மேலே வந்து குத்தினாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது. பின்னால் ஒரு வார், ஏனென்றால் செருப்பு கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. ரெக்வயர்மென்ட் எழுதத் தெரிந்தவர் எழுதிய மாதிரி இருக்கிறது.

வெறும் ஊகமாகவும் விடவில்லை. செருப்புக்கும் காலுக்கும் நடுவில் அழுத்தம் அளக்கும் மெல்லிய கருவிகளை வைத்து, எந்தச் செருப்பில் பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று அளந்தார்கள். பௌமன், கெர்லிங், பிராண்ட் மூவரும் 1963-இல் எலும்பு மருத்துவர்களின் பிரிட்டிஷ் இதழில் அதை வெளியிட்டார்கள். இன்றைக்குப் பெரிய ஷூ கம்பெனிகள் கம்ப்யூட்டரில் வண்ண வண்ணமாகக் காட்டும் 'ஃபுட் பிரஷர் மேப்' சங்கதிக்கு முன்னோடிகளில் ஒன்று இது.

ஆனால் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கத்தான் பலர் தயங்கினார்கள். கறுப்பு ரப்பர், பின்வார், தனி மாதிரியான வெட்டு. பார்த்ததும் ஊருக்குத் தெரிந்துவிடும், இன்னார் இன்ன நோய்க்காரர் என்று. காலைக் காப்பாற்றும் செருப்பு, டீக்கடையில் தனி கிளாஸ் வைக்க வைத்தது. எந்த ஷோர் அளவும் அதற்கு உதவாது.

1980-களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்து தொழுநோய் வேகமாகக் குறைந்தது. அதே சமயம் சர்க்கரை நோய் ஏறிக்கொண்டிருந்தது. சர்க்கரையிலும் பாத நரம்பு மரத்துப்போகும், அதே புண், அதே கால் இழப்பு. செருப்பு அப்படியே கை மாறியது. சென்னை ராயபுரம் விஸ்வநாதன் மருத்துவமனைக்காரர்கள் எம்.சி.ஆர். உள்ளிட்ட மெத்துச் செருப்புகளை சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்து 2004-இல் கட்டுரை போட்டார்கள். எலும்பு மருத்துவமனை வாசல்களில் இருக்கும் பெல்ட், வாக்கர், முட்டி உறை விற்கும் கடைகளில் இந்தச் செருப்பு அடுக்கப்பட்டது. அங்கே வரும் கூட்டத்தில் குதிகால் வலிக்காரர்கள் எத்தனை பேர்! வலி தெரியாதவர்களுக்காகப் பிறந்த செருப்பு, முதல் அடியிலேயே கத்துகிறவர்கள் காலுக்கு ஏறியது இப்படித்தான். நிறமும் மாறிவிட்டது, பூப்போட்ட வாரெல்லாம் வந்துவிட்டது, யாரும் கூச்சப்படுவதில்லை.

சரி, வலி போகுமா?

எனக்குத் தெரிந்தவரை, பாதி.

மெத்துச் செருப்பு இடிக்கும் வேகத்தைக் குறைக்கிறது. பட்டையின் இழுவையை அது சரி செய்வதில்லை. ஆஸ்திரேலியாவில் லேண்டார்ஃப் குழு 2006-இல் வெளியிட்ட சோதனையில், பேருக்கு வைத்த மெல்லிய நுரை அட்டை, ரெடிமேட் உள்ளட்டை, காலை அளந்து தனியாகச் செய்த உள்ளட்டை என்று மூணு கூட்டமாகப் பிரித்தார்கள். மூணு மாதத்தில் பின்னிரண்டுக்கும் கொஞ்சம் நன்மை தெரிந்தது. ஒரு வருஷத்தில் மூணும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு 'உங்க காலுக்கே ஸ்பெஷல்' என்று விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

அதிர்வலை சிகிச்சையும் அப்படித்தான். 1980-இல் மூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்க வந்த தொழில்நுட்பம், 2000-இல் அமெரிக்காவில் குதிகாலுக்கு அனுமதி வாங்கியது. 2002-இல் ஆஸ்திரேலியாவில் 166 பேரிடம் செய்த சோதனையில் போலி சிகிச்சையை விட மேலாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு வந்த சில ஆய்வுகள் நல்லவிதமாகச் சொன்னன. நீண்ட நாள் தீராதவர்களுக்கு ஒரு வாய்ப்பு என்ற அளவில் நிற்கிறது.

காசே இல்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் விளம்பரம் இல்லை. அமெரிக்காவில் டிஜியோவானி குழு 2003-இல் வெளியிட்டது. பல மாதமாக வலியோடு இருந்த 101 பேர். எல்லோருக்கும் மெத்து உள்ளட்டை, மூணு வாரம் வலி மாத்திரை. ஒரு பாதிக்கு வழக்கமான கெண்டைக்கால் நீட்டல், இன்னொரு பாதிக்குப் பட்டையையே நீட்டும் பயிற்சி. எட்டு வாரத்தில் இரண்டாவது கூட்டத்துக்குத்தான் காலை முதலடி வலி அதிகம் குறைந்தது. செய்முறை இவ்வளவுதான்: உட்கார்ந்து வலிக்கிற காலை மறு தொடை மேல் போட்டுக்கொள்ள வேண்டும். விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுக்க வேண்டும். பட்டை கம்பி மாதிரி விறைப்பது மறு கைக்குத் தெரியும். பத்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும், பத்து தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. முதல் வேளை கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால். அந்த 'முன்னால்' முக்கியம். பாத்ரூம் போய் வந்தபின் செய்தால் முதலடி ஏற்கெனவே இழுத்துவிட்டிருக்கும்.

2015-இல் டென்மார்க்கின் ராத்லெஃப், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு படியில் மெதுவாகக் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைச் சோதித்தார். மூணு மாதத்தில் நீட்டலை விட நல்ல பலன், வருஷக் கடைசியில் இரண்டும் சமம். எப்படிப் பார்த்தாலும் பெரும்பாலானவர்களுக்குக் கத்தியில்லாமலே ஒரு வருஷத்துக்குள் அடங்குகிற வலி இது. பொறுமைதான் வேண்டும்.

நம்ம ஊருக்கென்றே ஒரு தடை இருக்கிறது. டாக்டர் "வீட்டுக்குள்ளயும் எம்.சி.ஆர். போட்டுக்கோங்க" என்பார். எங்கள் அத்தையிடம் இதைச் சொன்னபோது, "செருப்புக் காலோட சாமி ரூம் பக்கம் போவச் சொல்றியா?" என்றார். கிரானைட்டிலும் டைல்ஸிலும் வெறுங்காலோடு பன்னிரண்டு மணி நேரம், கடைக்குப் போகும் அரை மணி நேரம் மட்டும் மெத்துச் செருப்பு என்றால் என்ன பிரயோஜனம்? கடைசியில் அதே ரப்பர் ஷீட்டில் ரெண்டடிக்கு ஒரு துண்டு வாங்கி அடுப்புக்கும் சிங்க்குக்கும் முன்னால் போட்டேன். செருப்பு இல்லை, பாய் என்பதால் அத்தைக்கு ஆட்சேபணை இல்லை.

செங்கல் ஒத்தடத்தை நான் கேலி செய்யமாட்டேன். சூடு விறைத்த பட்டையைத் தளர்த்தும், பலருக்கு இதமாக இருக்கிறது. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. பாதம் மரத்திருந்தால் செங்கல் சுடுவது தெரியாது, இலை கருகும் வாசனை வரும்வரை மிதித்துக்கொண்டிருப்பார்கள். அதில் வரும் கொப்புளம் ஆறாத புண்ணாகும். கரிகிரியில் பிராண்ட் பார்த்த அதே பாதம்தான் அது. குதிகால் வலியும் மரத்த பாதமும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், ஒரு காலிலேயே இருக்கலாம். அப்படிப்பட்டவர் முதலில் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது ஒரு விஷயம். கடையில் எம்.சி.ஆர். என்று எழுதியிருப்பதெல்லாம் எம்.சி.ஆர். இல்லை. தொழுநோய்ப் பணியாளர்கள் கருவி இல்லாத ஊர்களில் ஒரு சோதனை செய்வார்கள்: ரப்பரைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்திப் பார்ப்பது. சுமார் பாதி கனத்துக்கு அமுங்க வேண்டும், விட்டதும் எழ வேண்டும். அமுங்கவே இல்லையென்றால் அது விலை கூடிய ஹவாய் செருப்பு. முழுசாக அமுங்கி அடி தட்டினால் வெறும் ஸ்பாஞ்ச். பழைய செருப்பின் குதிகால் பக்கத்தையும் அதே மாதிரி அழுத்திப் பாருங்கள். நாள் ஆக ஆகக் குமிழ்கள் உடைந்து அந்த இடம் மட்டும் தகடாகியிருக்கும், வாரும் மேல் பகுதியும் புதுசு போல இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.